தாய்ப்பால் பெருக மூலிகைகள்: வாங்கும் முன்பும் சாப்பிடத் தொடங்கிய பின்பும்

பிரசவமான ஓரிரு வாரத்துக்குள் பெரும்பாலான தாய்மாருக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது: என் பால் குழந்தைக்குப் போதுமா? பயத்தை வெளியில் சொன்ன அன்றே யாராவது ஒரு பொடியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். வெந்தயக் காப்ஸ்யூல், சதாவரிப் பொடி, முருங்கையிலை மாத்திரை, சோம்புத் தேநீர் என்று பட்டியல் நீளும். இவற்றை முதன்முறையாக வாங்க நினைக்கும் தாய்க்கும், அவருக்காகக் கடைக்குப் போகப்போகும் வீட்டாருக்கும் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலிகை நான்காவது படியில்தான் வருகிறது. முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்தால் நல்ல மூலிகைகூட வீண்தான். அதைவிட மோசம், குழந்தையின் எடை ஏறாமலிருக்கும் நாள்கள் ஒரு டப்பாவை நம்பியே கழிந்துவிடும்.

முதல் படி: பால் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள்

மார்பு முன்போல் கனக்கவில்லை. குழந்தை மணிக்கொரு முறை பால் கேட்கிறது. இரவில் விழித்து அழுகிறது. பம்ப் வைத்தால் கொஞ்சம்தான் வருகிறது. இந்த நான்கில் எதுவும் பால் குறைவுக்குச் சான்று அல்ல. சில வாரங்களில் உடல் குழந்தையின் தேவைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் மார்பு மென்மையாவது இயல்பு. மாலை நேரங்களில் குழந்தை அடுத்தடுத்துக் குடிப்பதும் இயல்பே. இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்தையொட்டியும் சில நாள்கள் ஓயாமல் பால் கேட்கும். பம்ப்பில் வரும் அளவை வைத்து முடிவுக்கு வரவே கூடாது. நன்றாகப் பற்றிக் குடிக்கும் குழந்தை எடுக்கும் பாலைப் பல தாய்மாரால் பம்ப்பில் எடுக்க முடிவதில்லை.

பிறந்த முதல் நாளில் குழந்தைக்கு ஒருவேளைக்குச் சில மில்லிலிட்டர் சீம்பாலே போதும். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அறுவைசிகிச்சைப் பிரசவத்துக்குப் பிறகு இன்னும் சற்றுத் தாமதமாகலாம். "பாலே வரவில்லை" என்று இரண்டாம் நாளில் சொல்வது பெரும்பாலும் அவசரப்பட்ட தீர்ப்பு.

நம்பத்தக்க அளவுகோல்கள் இரண்டு: எடை, ஈரத்துணி. முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறையும். பிறந்த எடையில் 7 சதவீதத்தைத் தாண்டினால் பால் கொடுக்கும் முறையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் சராசரியாக நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். எடையை ஒரே தராசில், உடையில்லாமல் பாருங்கள். தராசு மாறினால் கணக்கும் மாறிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை நன்றாக நனைந்த துணி அல்லது டயப்பர் இருக்க வேண்டும், சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். முதல் வாரங்களில் மஞ்சள் நிறத்தில் இளகிய மலம் தினமும் சில முறை போகும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மலம் போவது குறைந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்து கிடப்பது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை படிவது, உடல் மஞ்சளாகிக்கொண்டே போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடையும் ஈரத்துணியும் சரியாக இருந்தால் உங்கள் பால் போதுமானது. எந்தப் பொடியும் வேண்டாம். இங்கேயே நின்றுவிடலாம். பல தாய்மாருக்கு இந்தக் கட்டுரை இத்துடன் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

இரண்டாம் படி: பாலை வெளியே எடுங்கள்

மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறதோ அதைப் பொறுத்தே அடுத்து எவ்வளவு சுரப்பது என்று உடல் முடிவு செய்கிறது. பால் தேங்கிக் கிடந்தால் சுரப்பு மெல்ல அடங்கும், காலியானால் வேகம் பிடிக்கும். குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது, ஆக்ஸிடோசின் சுரந்த பாலைக் காம்பு நோக்கித் தள்ளுகிறது. மூலிகைகள் எதையாவது செய்கின்றன என்றால் இந்த ஏற்பாட்டுக்கு ஓரத்திலிருந்து கைகொடுக்கின்றன, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மட்டும் பால் கொடுத்துக்கொண்டு, மீதிக்குப் பால்மாவு புகட்டி, கூடவே வெந்தயக் காப்ஸ்யூல் விழுங்கினால் ஒன்றும் நடக்காது.

ஆகவே முதலில் எண்ணிக்கை. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவையும் சேர்த்து. இரவில் புரோலாக்டின் அதிகம் சுரப்பதால் இரவுப் பாலை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பற்றும் விதம். பால் குறைவு என்று வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வலிக்கும், அதற்கும் பால் வராது. வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி, குறிப்பாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போகும்படி அணைத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். குடித்து முடித்த பிறகு காம்பு நசுங்கி, சரிவாக வெட்டினாற்போல் வெளியே வந்தால் பிடிப்பு சரியில்லை. தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை பால் கொடுப்பதைப் பார்த்தால், மாதக்கணக்கில் பொடி சாப்பிட்டும் கிடைக்காத பலன் அதில் கிடைக்கலாம். அதற்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

குழந்தை சப்புவது தளரும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் கொடுங்கள். பால் கொடுத்த பிறகு பத்து நிமிடம் கையாலோ பம்ப்பாலோ பீய்ச்சி எடுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தாலும் உடலுக்கு "இன்னும் வேண்டும்" என்ற செய்தி போய்விடும். குழந்தையை உடையில்லாமல் நெஞ்சோடு சாய்த்து வைத்திருப்பதும் உதவும்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். குடம் குடமாகக் குடிப்பதால் பால் அதிகமாகிவிடாது. உணவு மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். இந்த நாள்களில் உடல் இளைக்கப் பட்டினி கிடக்க வேண்டாம்.

இதையெல்லாம் ஐந்தாறு நாள் விடாமல் செய்துவிட்டுத்தான் மூலிகையைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், பால் கூடியது எதனால் என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. தேவையே இல்லாத காப்ஸ்யூலை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: மறைந்திருக்கும் காரணம் உண்டா?

சரியாகப் பற்றி, போதிய முறை குடித்தும் எடை ஏறவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கியிருப்பது, பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போனது, முன்பு மார்பில் நடந்த அறுவைசிகிச்சை, பால் சுரப்பித் திசு பிறவியிலேயே குறைவாக இருப்பது ஆகியவை பாலைக் குறைக்கக்கூடும். குழந்தையின் பக்கமும் காரணம் இருக்கலாம். நாக்கின் அடியிலுள்ள சவ்வு இறுக்கமாக இருந்தால் அதனால் நன்றாகப் பற்ற முடியாது.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கலாம். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஒரே வேளையிலேயே பாலைக் கணிசமாகக் குறைத்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. புகைப்பழக்கமும் குறைக்கும்.

இந்தக் காரணங்களில் ஒன்று இருந்தால் எந்த வேரும் இலையும் அதைச் சரிசெய்யப் போவதில்லை, சிகிச்சைதான் வேண்டும். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. இதைச் சுற்றியிருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான்காம் படி: ஒரே ஒரு மூலிகையைத் தேர்ந்தெடுங்கள்

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பால் பெருக்கும் பொருள்களைப் பற்றிய 41 ஆய்வுகளை, ஏறத்தாழ 3000 தாய்மாரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்துப் பார்த்தது. இயற்கைப் பொருள்களில் சில பாலின் அளவைக் கூட்டியிருக்கலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு, எது எதைவிட மேல் என்று சொல்ல முடியாது என்பதே அதன் முடிவு. தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பும் 2018இல் வெளியிட்ட வழிமுறையில் எந்த மூலிகையையும் குறிப்பிட்டுப் பரிந்துரைக்கவில்லை. ஆக, "கண்டிப்பாகப் பால் பெருகும்" என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது விளம்பரம். சிலருக்கு உதவலாம் என்ற அளவுக்கு எதிர்பார்த்து இறங்குங்கள்.

வெந்தயம்தான் அதிகம் பயன்படுவது, அதிகம் ஆராயப்பட்டதும் அதுவே. நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம் வரை பயன்பட்டிருக்கிறது. காப்ஸ்யூல் ஒவ்வொன்றிலும் 500, 600 மில்லிகிராம் இருக்கும். பலன் கிடைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சில நாளிலேயே தெரிந்துவிடும். வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை வரும், குழந்தையின் சிறுநீரிலும் வரலாம். இதே வாசனை ஒரு அரிய பிறவி வளர்சிதை நோய்க்கும் உண்டு என்பதால், குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் வெந்தயம் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கும் வாயுவும் தாய்க்கும் வரலாம், குழந்தைக்கும் வரலாம். வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். ஆகவே இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் வெந்தயத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமையைத் தரலாம். ஆஸ்துமா இருந்தாலும் கவனம் தேவை. மறுபடி கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தால் காப்ஸ்யூல் அளவில் சாப்பிடவே வேண்டாம், கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடும். சமையலில் சேரும் சிட்டிகை வெந்தயத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. சத்துப்பொருளாக எடுக்கும் அளவுக்குத்தான் இத்தனை எச்சரிக்கை.

சதாவரி, அதாவது தண்ணீர்விட்டான் கிழங்கு, பெயர் பெற்றது. ஆனால் ஆய்வுகள் சிறியவை. ஒன்றில் புரோலாக்டின் கூடியது, மற்றொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூலிகையே இல்லாத போலித் தயாரிப்பைச் சாப்பிட்டவர்களுக்கும் சதாவரி சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. பாலில் கலக்கும் துகள்களாக வரும் சதாவரியில் பெரும்பங்கு சர்க்கரையாகவே இருப்பதுண்டு. அட்டையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சதாவரியின் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

முருங்கையிலை எனக்கு மனம் ஒப்பும் தேர்வு. பிலிப்பைன்ஸில் நடந்த சிறு ஆய்வுகளில் பிரசவமான முதல் நாள்களிலேயே பால் கூடியது. பால் கூடாவிட்டாலும் இரும்பும் கால்சியமும் புரதமும் உள்ள ஒரு இலையைச் சாப்பிட்டதாக இருக்கும். இலை மட்டும்தான். முருங்கையின் வேரிலும் பட்டையிலும் தீங்கான பொருள்கள் உண்டு, அவை கலந்த தயாரிப்பைத் தொடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே காப்ஸ்யூல் எடுக்க வேண்டும்.

சோம்பு தேநீராக அளவோடு குடித்தால் பொதுவாகத் தொந்தரவில்லை. அளவு மீறினால் வேறு கதை. அதிமதுரம், சோம்பு போன்றவை கலந்த மூலிகைத் தேநீரை நாளுக்கு 2 லிட்டருக்கும் மேல் குடித்த இரண்டு தாய்மாரின் கைக்குழந்தைகள் சோர்ந்து, வாந்தி எடுத்து, பால் குடிக்காமல் போனதும், தேநீரை நிறுத்திய பின் தேறியதும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோம்பு எண்ணெயைச் சொட்டாகச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

மில்க் திஸில் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின் ஒரு ஆய்வில் நல்ல பலன் தந்தது, குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் நடந்த வேறொன்றில் தரவில்லை. சாமந்தி, சூரியகாந்தி வகைச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் விலக்க வேண்டும். கோட்ஸ் ரூ என்ற செடி பல கலவைகளில் இருக்கும். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினின் வேதியியல் இந்தச் செடியிலிருந்து பிறந்ததுதான், ஆகவே சர்க்கரையைக் குறைக்கும் இயல்பை நினைவில் வையுங்கள். புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

பாலைக் குறைக்கக்கூடியதாகக் கருதப்படும் மூலிகைகளும் உண்டு: சேஜ் இலை, அதிக அளவில் பெப்பர்மின்ட், பார்ஸ்லி. நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் மூலிகைத் தேநீரில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: அட்டையைப் படியுங்கள்

பல நாடுகளில் இவை உணவுச் சத்துப்பொருளாகவே விற்கப்படுகின்றன. மருந்தைப்போல விற்பனைக்கு முன் பலனை நிரூபிக்க வேண்டியதில்லை. எனவே சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

தாவரத்தின் பெயர், எந்தப் பகுதி, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். "தனிச்சிறப்புக் கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். எட்டு மூலிகை கலந்த காப்ஸ்யூலில் ஒன்று குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். கடைசியாக, தயாரித்தவர் அல்லாத வேறொரு ஆய்வகம் கன உலோகங்களுக்காகச் சோதித்திருக்கிறதா என்று பாருங்கள். இது வீண் பயமல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் தாய்ப்பால் வழியே குழந்தைக்குப் போகும். உலோக பஸ்மம் சேர்ந்த எதையும் பாலூட்டும் காலத்தில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

முழுக்கத் தாவர உணவு உண்ணும் தாய்மாருக்கு இங்கே ஒரு வார்த்தை. காப்ஸ்யூலின் உறை விலங்கு ஜெலட்டினாக இருக்கலாம், அதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியம் வைட்டமின் பி12. பாலும் முட்டையும்கூடச் சாப்பிடாத தாயின் பாலில் பி12 குறைந்தால் குழந்தையின் நரம்பு வளர்ச்சியே பாதிக்கப்படும். பால் பெருக்கும் பொடியைத் தேடுவதற்கு முன் பி12 மாத்திரையைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: குறைந்த அளவில் தொடங்கி, குறித்து வையுங்கள்

முதல் நாள் அட்டையில் உள்ள அளவில் பாதி. பகலில் தொடங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே தெரியும். இரண்டு மூன்று நாள் தொந்தரவில்லை என்றால் முழு அளவு. அட்டையில் உள்ளதைத் தாண்ட வேண்டாம்.

ஒரு நோட்டில் நான்கே செய்திகள் எழுதுங்கள்: எத்தனை முறை பால் கொடுத்தேன், எத்தனை ஈரத்துணி, பம்ப் செய்தால் எவ்வளவு வந்தது, குழந்தையிடம் என்ன மாற்றம். பம்ப் அளவை ஒப்பிட வேண்டுமானால் தினமும் அதே நேரத்தில் எடுத்ததை ஒப்பிடுங்கள். காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் வருவது இயல்பு. எடையை வாரம் ஒருமுறை பாருங்கள், மருத்துவர் அடிக்கடி பார்க்கச் சொல்லியிருந்தால் அதன்படி.

குழந்தைக்கு நீர்த்த மலம், தடிப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பால் குடிக்க மறுப்பது எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூச்சு இளைத்தாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். பால் தேவைக்கு மேல் பெருகிவிடுவதும் தொல்லைதான். மார்பு கட்டிக்கொள்ளும், குழந்தைக்குப் புரையேறும். அப்போதும் நிறுத்துங்கள்.

ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குள் மாற்றம் இல்லை என்றால் அந்த மூலிகை உங்களுக்கானது அல்ல. அளவைக் கூட்டாதீர்கள், மேலே இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். பால் கூடி, எடையும் ஒழுங்காக ஏறத் தொடங்கிவிட்டால் சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பாருங்கள். பால் குடிக்கும் முறை சரியாக இருந்தால் சுரப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

குறைமாதக் குழந்தை, நோயுற்ற குழந்தை, எடை குறைந்து பிறந்த குழந்தை என்றால் இந்தப் படிகளை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். குழந்தை மருத்துவரின் ஒப்புதலோடுதான் எதையும் தொடங்க வேண்டும். எந்த மூலிகையையும் மருந்தையும் பற்றிச் சரிபார்க்க அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் லாக்ட்மெட் என்ற இலவசத் தகவல் தொகுப்பு இருக்கிறது. மருத்துவருக்கு நேரமில்லை என்றால் அதில் உள்ள பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். பால் பெருகச் சிலர் எடுத்துக்கொள்ளும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்துகளை மட்டும் இந்த மூலிகைகளோடு ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முதலாவது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும், இரண்டாவது மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடும். மருத்துவர் எழுதித் தந்தால் ஒழிய வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் பால் தேவைப்படலாம். நீங்கள் பீய்ச்சிய பாலோ, பால் வங்கியின் பாலோ, பால்மாவோ, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, முதலில் மார்பில் குடிக்கவிட்டு அதன் பிறகு கொடுங்கள். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம் பீய்ச்சியும் எடுங்கள். பாதி தாய்ப்பால், பாதி பால்மாவு என்று வளரும் குழந்தையும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைதான்.